முகமும் வில்லையும்

ஒருவரின் முகத்தைப் படம்பிடிக்க விரும்புபவர் அவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்றல் வேண்டும்? வினா எளிதாகத் தோன்றும். ஆயின் இவ்வொரு வினாவின் பொருட்டுக் கணிதர்களும் கண்ணாடி தீட்டுவோரும் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துள்ளனர். அரை மீற்றர் அண்மையில் கமராவை வைத்துப் பிடித்த படத்தில் மூக்குப் பருத்துக் காதுகள் பின்னொடுங்கிக் காணப்படும். ஒன்றரை மீற்றர், இரண்டு மீற்றர் விலகி நின்றால் அது நாம் அறிந்த முகமாகிறது. திண்ணையில் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஊர்க்கதை பேசும் தூரம் அது. முகத்தின் அமைவைத் தீர்மானிப்பது தூரமே, வில்லை அன்று. ஆனால் அத்தூரத்தில் நின்று சிறிய கமராவின் வழக்கமான 5 சென்ரிமீற்றர் வில்லையாற் பிடித்தால், முகம் படச்சுருளில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கும் குறைவாகவே வந்து விழும். எனவே, நின்ற இடத்தினின்றும் நகராமல் முகத்தைப் பெரிதாக்கித் தரும் வில்லை வேண்டப்பட்டது. 7.3, 8.5, 9, 10.5 சென்ரிமீற்றர் குவியத்தூரங் கொண்ட வில்லைகள் இத்தேவையிற் பிறந்தவை. வணிகர் இவற்றைத் தொலைவில்லைகள் என்று விற்றனர். ஒளியியல் இலக்கணப்படி இவற்றுட் பல அப்பெயருக்கு உரியனவல்ல, நீள்குவிய வில்லைகள் மட்டுமே. சந்தை வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

இலக்கிய ஏடொன்றில் கண்ணாடித் துண்டுகளைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று வினவும் நண்பர்கள் இருக்கலாம். கைத்தறியைப் பற்றி எழுதினால் அவர்கள் அவ்வாறு வினவுவதில்லை. வில்லையும் தறியைப் போல உழைப்பின் கருவிதான். எவர் அதனைச் செய்தனர், எந்தப் போரின் பொருட்டுச் செய்தனர், அதன் முன்னே இருத்தப்பட்டவர் எவர், அவர்களுள் எவருக்குப் பெயர் இருந்தது என்பவை சமுதாய வரலாற்றின் வினாக்களே.

முதலாவது முகப்பட வில்லையைக் கணித்தவர் வியன்னாவிற் பேராசிரியராயிருந்த ஜோசப் பெட்ஸ்வால். 1839இல் தாகேரின் முறை வெளியானபோது இருந்த வில்லைகள் ஒளியை மிகச் சிறிதளவே உள்ளே விட்டன. வெயிலில் ஆடாமல் அசையாமல் பல நிமிடங்கள் இருக்கக்கூடியவர்க்கே முகப்படம் வாய்த்தது. 1840இல் பெட்ஸ்வால் கணித்துத் தந்த வில்லை எஃப் 3.6 திறப்புடையது; முன்னையவற்றிலும் பதினைந்து மடங்குக்குக் குறையாத ஒளியைத் தந்தது. கணிப்புக்குத் துணைநின்றவர் ஆஸ்திரியப் பீரங்கிப் படையைச் சேர்ந்த, எண்கணக்கிற் பயின்ற சிப்பாய்கள். குண்டு விழுமிடத்தைக் கணிக்கும் கைகள் முகப்படத்தைக் கணித்தன. இது தற்செயல் அன்று. இக்கட்டுரை முழுவதும் இவ்வுறவு மீண்டும் மீண்டும் தலைகாட்டும். வில்லையை உற்பத்தி செய்து பெரும் பொருள் ஈட்டியவர் ஃபொய்க்ட்லேண்டர் என்னும் ஆலையதிபர். கணித்தவருக்கு ஒரு முறை கொடுக்கப்பட்ட தொகை மட்டுமே கிடைத்தது. இருவருக்கும் மூண்ட பகை பெட்ஸ்வாலின் வாழ்நாள் முழுவதையும் கசப்பாக்கிற்று.

இந்த வகை வில்லையொன்றோடு படம்பிடிக்கத் தொடங்கிய பெண்மணி ஒருவர் பிற்காலத்தில் எம் தீவுக்கு வந்து, இங்கேயே மடிந்தார் என்பது எம்மவர் பலர் அறியாத செய்தி. ஜூலியா மார்கரெட் கமரன் கல்கத்தாவிற் பிறந்தவர். நாற்பத்தெட்டாம் வயதிற் கமராவைக் கையிலெடுத்து, டெனிசன், டார்வின், ஹெர்ஷல் ஆகியோரின் முகங்களைப் பிடித்துப் புகழ் பெற்றார். அவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், கோல்புறூக்–கமரன் ஆணைக்குழு என்று எம் மாணவர் வரலாற்றுப் பாடத்திற் படிக்கும் அதே ஆணைக்குழுவின் கமரன்தான். அக்குழுவின் விதப்புரைகளின் பயனாக 1830களின் தொடக்கத்தில் இராசகாரிய முறை ஒழிந்தது. கட்டாய உழைப்பு ஒழிந்த இடத்திற் கூலி உழைப்பும் தோட்ட மூலதனமும் கால்கொண்டன. ஆணையாளர் கமரன் தாமும் கோப்பித் தோட்டங்களை வாங்கினார். 1875இல் தம்பதியர் இங்கிலாந்தை விட்டு இலங்கையிற் குடியேறினர். கோப்பியில் நோய் விழுந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது.

இலங்கையில் திருமதி கமரன் பிடித்த படங்களுள் எஞ்சியவை மிகச் சில. களுத்துறையில் அவர் வீட்டருகே வாழ்ந்தோரும் தோட்டத் தொழிலாளரும் அவற்றிலே காணப்படுகின்றனர். 1878ஆம் ஆண்டுப் படமொன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்ற பொருளினது. டார்வினின் படத்துக்கு டார்வின் என்று பெயர். இங்குள்ளவர்க்கோ பெரும்பாலும் குழு, குடியானவர், பெண் என்பனவே பெயர். இங்கும் அங்கும் கலைஞர் ஒருவரே, கண் ஒன்றே. முகங்களின் கண்ணியத்தில் அவர் குறை வைத்தார் என்று நாம் கூறமாட்டோம். அப்படங்களைப் பார்த்தவர் எவரும் கூறார். பெயர் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவே. 1879 சனவரியில் அவர் மறைந்தார். பொகவந்தலாவையில் உள்ள சிறிய தேவாலயத்தின் முற்றத்திற் கணவருடன் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

சிறிய கமராவின் காலம் 1925இல் தொடங்குகிறது. ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரில் நுண்ணுக்காட்டி செய்துகொண்டிருந்த லைற்ஸ் ஆலையின் தொழில்வினைஞர் ஒஸ்கார் பார்னாக், திரைப்படச் சுருளையே நிழற்படத்துக்குப் பயன்படுத்தும் கமரா ஒன்றை அமைத்திருந்தார். அவ்வாண்டில் லைக்கா என்ற பெயருடன் அது சந்தைக்கு வந்தது. 1930இல் வில்லையைக் கழற்றி மாற்றும் வசதியும், 1932இல் தூரமானியும் அதனோடு சேர்ந்தன. தூரமானி என்பது மனிதனின் இரு கண்களைப் போன்ற அமைப்பு. கமராவின் இரு சன்னல்கள் வழியே வரும் இரு உருக்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை வில்லையைச் சுழற்றினால் தூரம் சரியாகிறது. இரு சன்னல்களுக்கும் இடைவெளி கூடக் கூட அளவு நுட்பமாகும். அதே ஆண்டில் ட்றெஸ்டன் நகரின் சைஸ் ஐக்கொன் ஆலை கொன்ராக்ஸ் என்னும் போட்டிக் கமராவை வெளியிட்டது. லைக்காவின் சன்னலிடைவெளி நாலு சென்ரிமீற்றருக்குச் சற்றே குறைவு. கொன்ராக்ஸினது அதனிலும் இரு மடங்குக்கு மேல். முகப்பட வில்லைகளின் கதையில் இவ்வேறுபாடே முதன்மையானது. குவியத்தூரம் நீண்டு, திறப்பும் அகன்றால், கூர்மையாக விழும் தளம் தாளைப்போல மெலிந்துவிடும். கண்ணிமையைக் குறிவைத்தால் காது மங்கும். தூரமானி சிறிது பிழைத்தாலும் படம் பாழ்.

லைற்ஸ் ஆலையார் ஆகவே எச்சரிக்கையோடு நடந்தனர். 1931இல் அவர்கள் தந்த 9 சென்ரிமீற்றர் எல்மார், எஃப் 4 திறப்புடையது. நாலே கண்ணாடிகள், மூன்று தொகுதிகள். அடக்கமான வில்லை, தவறிழைக்காதது, பல ஆண்டுகள் மாறாமல் விற்கப்பட்டது. அதே காலத்தில் 7.3 சென்ரிமீற்றர் ஹெக்ற்றர் எஃப் 1.9 திறப்போடு வந்தது. (கணித்தவர் மக்ஸ் பெரெக். ஹெக்ற்றர் என்பது அவருடைய நாயின் பெயர் என்பர். ஹோமரின் வீரனைத் தேடிச் சென்றவர் ஏமாறுவர்.) 1935இல் தம்பார் என்னும் விந்தை வில்லை வந்தது. கூர்மையை வேண்டுமென்றே குலைத்து முகத்தைப் பனிப்படலத்தினுள் வைப்பது அதன் நோக்கம். செல்வச் சீமாட்டிகளின் சுருக்கங்களை மறைக்கும் தொழிலுக்கு உகந்தது. ஏறத்தாழ மூவாயிரமே செய்யப்பட்டது. இன்று சேகரிப்போர் அதனைப் பொன்னாகப் போற்றுகின்றனர். எமக்கு அதில் மதிப்பில்லை. உழைத்து முதிர்ந்த முகத்திலிருந்து கோடுகளை அழித்தால் அங்கே மிஞ்சுவது என்ன?

லுட்விக் பேர்ட்டலே சைஸ் நிறுவனத்துக்காகக் கணித்த 8.5 சென்ரிமீற்றர் சொனார் இவையனைத்தையும் விஞ்சிற்று. அதன் திறப்பு எஃப் 2. எல்மாரைப் போல நாலு மடங்கு ஒளி. பேர்ட்டலேயின் திறமை எங்கே இருந்தது என்பதைச் சிறிது விளக்கல் தகும். ஒளி, காற்றினின்றும் கண்ணாடிக்குள் நுழையும் ஒவ்வொரு பரப்பிலும், வெளியேறும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நாலைந்து பங்கு தெறித்து வீணாகிறது. வீணாவதோடு நில்லாமல் வில்லைக்குள் அலைந்து படத்தையும் வெளிறச் செய்கிறது. பல கண்ணாடிகளைத் தடித்த தொகுதிகளாக ஒட்டி, காற்றுப்படும் பரப்புகளை ஆறாகக் குறைத்தார் அவர். இருள் இருளாகவும் வெளிச்சம் வெளிச்சமாகவும் நின்றன. தெறிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சு ஒன்றை அதே நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இற் கண்டுபிடித்தார். அது இராணுவ இரகசியமாக்கப்பட்டது. பீரங்கிக் குறிகாட்டிகளுக்குப் போனபின்பே அது கமராக்களுக்கு வந்தது.

இந்தச் சிறிய கமரா இலங்கையிற் கண்ட கலைஞர் லயனல் வெண்ட். பறங்கியர் குலத்தவர், இலண்டனில் சட்டமும் பியானோவும் பயின்றவர். 1930களில் லைக்காவும் றோலிபிளெக்ஸும் கொண்டு தீவெங்கும் அலைந்தார். 1938இல் லைற்ஸ் நிறுவனத்தின் ஏற்பாட்டில் அவர் படங்கள் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1943இல் ‘43 குழு’ என்னும் ஓவியர் கூட்டம் அமைவதற்கு முன்னின்றவரும் அவரே. மறு ஆண்டு டிசம்பரில் நாற்பத்துநாலாம் வயதில் மறைந்தார். மீனவர், கமக்காரர், துறவியர், இளைஞர் ஆகியோரின் உடலழகை அவரைப் போலக் கண்டவர் இத்தீவில் அவருக்கு முன் இல்லை. இதனை மனமார ஒப்புக்கொள்வோம். ஆயின், பேசில் றைற் எடுத்த ‘இலங்கைப் பாடல்’ என்னும் 1934ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்குக் குரல் கொடுத்தவரும் வெண்ட்தான் என்பதும், அப்படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை என்பதும் மனங்கொள்ளத்தக்கன. தேயிலை விற்பதற்கு அழகிய தீவு ஒன்று வேண்டியிருந்தது. கொழுந்து பறித்தவரின் லயத்து அறை அவ்வழகில் இடம்பெறத்தக்கதன்று. பதினாலு ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. அதன்பின் அவர்களுட் பலர் கமராவின் முன்னே அமர்ந்தது கடவுச்சீட்டுப் படத்துக்காகத்தான். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது.

சொனார் பிறந்த இடத்தின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. யேனா நகரின் சைஸ் ஆலையை ஒரு நிதியமாக மாற்றியமைத்தவர் ஏர்ன்ஸ்ற் ஆபே. அவர் தந்தை நூற்பாலைத் தொழிலாளி. நாளொன்றுக்குப் பதினாலு, பதினாறு மணிநேரம் நின்ற நிலையில் வேலை செய்தவர். தந்தைக்கு உணவு எடுத்துச் சென்று அதனைக் கண்ட மகன், தாம் ஆலையை நடத்தும் நிலைக்கு வந்ததும் மறக்கவில்லை. ஊதியத்துடன் விடுமுறை, ஓய்வூதியம், 1900ஆம் ஆண்டில் எட்டு மணிநேர வேலைநாள் ஆகியன யேனாவிற் கிடைத்தன. தனியொரு நல்லவரின் ஈகை எத்துணை உறுதியானது என்பதை அடுத்த தலைமுறை காட்டிற்று. அந்நிதியத்தின் ஆளுகையிலிருந்த ட்றெஸ்டன் ஆலையில், நாற்சிக் காலத்தில் அந்நகரத்து யூதர் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டனர். 1943 மார்ச்சில் அவர்கள் அவ்சுவிட்சுக்கு அனுப்பப்பட்டனர். பேர்ட்டலேயின் முந்திய வில்லையொன்றைக் கொண்டு உலக மாநாடுகளைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற ஏரிக் ஸாலொமொனும் 1944இல் அவ்சுவிட்சிலேயே மாண்டார். வெற்ஸ்லாரில் லைற்ஸ் குடும்பத்தார் யூத ஊழியர் பலரை நாட்டைவிட்டுத் தப்பவைத்தனர். அதே ஆலையிற் கிழக்கிலிருந்து பிடித்துவரப்பட்ட பெண்கள் கட்டாய உழைப்பும் செய்தனர். ஆலையதிபரின் மகள் எல்சி, அப்பெண்களின் நிலையைத் திருத்த முயன்றமைக்கும் யூதப் பெண்ணொருவர் தப்ப உதவியமைக்கும் 1943இற் சிறையிலிடப்பட்டார். இவை இரண்டையும் ஒருங்கே சொல்வதுதான் வரலாறு. விளம்பரக்காரர் முன்னையதை மட்டுமே சொல்வர்.

போர் முடிந்தபோது யேனாவுக்குள் முதலில் நுழைந்தவர் அமெரிக்கர். சோவியத் படையிடம் நகரை ஒப்படைக்குமுன் ஆலையின் தலைசிறந்த வல்லுநர் எண்பத்துநால்வரை மேற்கே கொண்டுசென்றனர். பின்வந்த சோவியத் அரசு, இழப்பீடாக இயந்திரங்களையும் எஞ்சிய வல்லுநர் பலரையும் கிழக்கே கொண்டுசென்றது. கொன்ராக்ஸின் அச்சுகளும் கருவிகளும் கீவ் நகரின் ஆர்செனல் ஆலையில் இறங்கின. 1947 முதல் அங்கே ‘கீவ்’ என்னும் கமரா உற்பத்தியாயிற்று. சொனார், ‘யூப்பிற்றர்-9’ என்று பெயர் மாறியது. ஏழு கண்ணாடிகள், மூன்று தொகுதிகள். பதினைந்து இதழ்கள் கொண்ட திறப்பு வட்டம். பல பதிற்றாண்டுகள் தொடர்ந்து செய்யப்பட்டு, மேற்கத்திய வில்லைகளை வாங்க இயலாத எளியோரின் கையை அடைந்த வில்லை அது.

ஆசிரியராகிய நாம் இங்கே ஒன்றைக் குறிப்பிடாமற் செல்ல இயலாது. சோவியத் நாட்டின் முதலாவது லைக்கா வகைக் கமராவைச் செய்தவர்கள் தெருவில் அலைந்த அநாதைச் சிறுவர். கார்க்கோவ் நகரில் அந்தோன் மக்கரெங்கோ வழிநடத்திய கொம்யூனில் அவர்கள் பாடமும் படித்தனர். மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு பிசகாமல் உலோகமும் கடைந்தனர். ‘ஃபெட்’ என்னும் அக்கமரா 1934 முதல் தொடர் உற்பத்திக்கு வந்தது. பெயர் ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ஸெர்ஷின்ஸ்கியின் முதலெழுத்துகள். இரகசியப் பொலிசை நிறுவியவர் அவர். திருடரென்று விரட்டப்பட்ட பிள்ளைகளை நுண்தொழில் வல்லுநராக்கிய கல்விமுறைக்குத் தலைவணங்குகிறோம். அக்கமராவின் தலையிற் பொறித்த பெயருக்கு வணங்க மனம் வரவில்லை.

இனி யப்பான். அங்கே 1930களின் நடுப்பகுதியில் லைக்காவைப் பார்த்து அமைத்த முதற் கமராவுக்குக் ‘குவானொன்’ என்று பெயரிட்டனர். அவலோகிதேசுவரருக்கு யப்பானியர் வழங்கும் பெயர் அது. வில்லைக்குக் ‘காசியபா’ என்று பெயர். பொதியிலோடும் அகத்தியரோடும் அவலோகிதரைச் சேர்த்து எண்ணும் மரபையுடைய தமிழர்க்கு இது சுவையான செய்தி. பின்னர் அது கனொன் ஆயிற்று. அதற்கு வில்லை செய்து கொடுத்தது நிப்பொன் கொகாக்கு நிறுவனம். 1917இல் போர்க்கருவி ஒளியியலுக்கென்றே தொடங்கப்பட்டது அது. ‘யமாத்தோ’ என்னும் மாபெரும் போர்க்கப்பலுக்குப் பதினைந்து மீற்றர் அகலமான தூரமானியை அமைத்தது. கமராவின் இரு சன்னல்களும் அக்கப்பலின் இரு கண்களும் ஒரே கணிதம். தோல்வியின்பின் போர்த்தொழில் தடைப்பட, ஆயிரத்துச் சொச்சம் தொழிலாளரோடு நிறுவனம் கமரா செய்யத் தொடங்கி, 1948இல் நிக்கொன் என்ற பெயரில் வெளியிட்டது. ஜேர்மனியரின் காப்புரிமைகளை வென்ற நாடுகள் பறித்துவிட்டமையால் சொனாரின் வழியிற் செல்லத் தடையேதுமில்லை. ஐந்து கண்ணாடிகள் கொண்ட 8.5 சென்ரிமீற்றர் நிக்கோர், எஃப் 2, இவ்வாறு பிறந்தது.

1950இல் ‘லைஃப்’ ஏட்டின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன் தோக்கியோவில் இருந்தார். இளம் யப்பானியப் படப்பிடிப்பாளர் ஜுன் மிக்கி மங்கிய ஒளியில் இந்த வில்லையால் அவரைப் படம்பிடித்துக் காட்டினார். படத்தின் கூர்மை கண்டு வியந்த டங்கன், ஹொரஸ் பிறிஸ்டல் என்னும் மற்றொருவரோடு ஆலைக்கே சென்று, தம் ஜேர்மன் வில்லைகளையும் நிக்கோரையும் ஒப்புநோக்கினார். யப்பானிய வில்லையே தெளிவெனக் கண்டு, தம் லைக்காவில் அதனையே பொருத்திக்கொண்டார். அவ்வாண்டு யூன் 25இற் கொரியப் போர் மூண்டது. அப்போர்க்களத்துப் படங்கள் உலகை அடைந்தன. டிசம்பரில் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ யப்பானிய வில்லைகளைப் பற்றி எழுதிற்று.

ஆசிய நாடொன்றின் தொழிற்றிறன் ஐரோப்பாவை விஞ்சியது எமக்கும் மகிழ்ச்சிதான். அம்மகிழ்ச்சி எந்த விலையிற் கிடைத்தது என்பதையும் கூறல் வேண்டும். கொரியாவில் மக்கள் இலட்சம் இலட்சமாக மடிந்துகொண்டிருந்த அம்மூன்றாண்டுகளில், அமெரிக்கப் படைகளின் கொள்வனவே யப்பானிய ஆலைகளுக்கு உயிர் கொடுத்தது. நிக்கோரின் புகழும் அதே கப்பலில் ஏறிச் சென்றது. டங்கன் பிடித்த களைத்த சிப்பாய்களின் முகங்கள் போரைப் பற்றிய பொய்களை உடைத்தன என்பதும் மெய். ஆயின் அம்முகங்கள் மிகுதியும் அமெரிக்கருடையன.

எது சிறந்த வில்லை என்று மாணவர் கேட்பதுண்டு. நகரிற் படப்பிடிப்பு நிலையம் நடத்தி ஓய்ந்த முதியவர் ஒருவரிடம் ‘ஸோர்க்கி’ கமரா ஒன்றும், அதற்குப் பொருந்தும் 9 சென்ரிமீற்றர் எல்மாரும் யூப்பிற்றர்-9உம் இருந்தன. இரவல் பெற்றோம். வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எம் ஆரையம்பதி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். ஓலைச் சார்ப்பினுள்ளே தறியில் இருக்கும் முதிய நெசவாளர் ஒருவரை இரு வில்லைகளாலும் பிடித்தோம். எல்மாரில் பதினைந்தில் ஒரு செக்கன் திறக்கவேண்டியிருந்தது. கை நடுங்கிற்று, நாடாவும் ஓடிற்று. யூப்பிற்றரில் அறுபதில் ஒரு செக்கன் போதுமாயிருந்தது. முழுத்திறப்பில் யூப்பிற்றரின் படத்தில் ஒரு மெல்லிய ஒளிப்பூச்சு படிகிறது. எல்மாரில் அது இல்லை. வெளியே, வாவிக்கரைப் பின்னேர வெயிலில், எஃப் 5.6 வைத்துப் பிடித்தவற்றுள் எது எதனுடையது என்று எம்மாற் பிரித்தறிய இயலவில்லை. வில்லைகளின் வேறுபாடு பற்றிய பெரும் வாதங்கள் வெயிலில் அடங்கிவிடுகின்றன. இருட்டான குடிசைக்குள்ளேதான் அவை பொருள் பெறுகின்றன.

மற்றொரு சிக்கலும் கண்டோம். யூப்பிற்றர் ஒன்றேகால் மீற்றர் அண்மையிற் கண்ணைக் குறிவைத்தால் காதிற் கூர்மை விழுந்தது. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கொன்ராக்ஸின் அளவுமுறை வேறு, லைக்காவின் அளவுமுறை வேறு. ஒன்றின் வழிவந்த வில்லையை மற்றதன் வழிவந்த கமராவிற் பொருத்தினால் சிறு பிசகு தோன்றும். குறுகிய வில்லைகளில் அது தெரியாது. நீள்குவிய வில்லையிற் பல்லிளிக்கும். நிக்கொன் நிறுவனத்தாரும் கொன்ராக்ஸின் வாயமைப்பைப் பின்பற்றி, லைக்காவின் அளவைக் கைக்கொண்டனர்; ஆகவே கொன்ராக்ஸ் பயன்படுத்துவோருக்கென 8.5 நிக்கோரைத் தனியாகச் செய்து, ‘சி’ என்ற எழுத்தையும் பொறிக்க நேர்ந்தது. பித்தளையாற் செய்த கனத்த அந்த நிக்கோரை நாம் கையில் எடுத்ததுண்டு. படம்பிடிக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை.

எம் கரையில் இவ்வில்லைகளின் பெரும் பகை வேறு. வாவியின் ஈரக்காற்றில் பூஞ்சணம் வில்லைக்குள்ளே சிலந்திவலை போலப் படர்ந்து, பூச்சைத் தின்றுவிடுகிறது. அரிசிப்பானைக்குள் கமராவைப் புதைத்து வைத்த படப்பிடிப்பாளர் பலர் இருந்தனர். 1978 நவம்பர் 23இன் சூறாவளியும் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையும் வில்லைகளை மட்டுமன்றி, வீட்டுச் சுவர்களில் தொங்கிய முகங்களையும் கொண்டுசென்றன.

தூரமானிக் கமராவின் காலம் 1959இல் ‘நிக்கொன் எஃப்’ வந்ததோடு சாயத் தொடங்கிற்று. வில்லையின் வழியாகவே நேரே பார்க்கும் வசதி வந்தபின் இரு சன்னல்களுக்குத் தேவை குறைந்தது. ஆயின் தூரமானிக் கமராவுக்கென 1954இல் வந்த 10.5 சென்ரிமீற்றர் நிக்கோர், எஃப் 2.5, புதிய கமராவுக்கும் இடம்பெயர்ந்தது. 1971இல் அதன் உள்ளமைப்பு சொனார் வழியை விட்டு மாறியது. 1984இல் பெசாவர் அருகே ஆப்கான் அகதி முகாமில் ஸ்ரீவ் மக்கறி பிடித்த பச்சைக்கண் சிறுமியின் படம் இவ்வில்லையின் படமே. மறு ஆண்டு ஏட்டின் அட்டையில் வெளியாகி உலகெங்கும் ஒட்டப்பட்ட அம்முகத்துக்கு 2002வரை பெயர் இல்லை. ஷர்பத் குலா என்று அப்போதுதான் அறிந்தனர். 2016இல், பொய் அடையாள அட்டை வைத்திருந்தார் என்று பாக்கித்தான் அவரைக் கைதுசெய்தது. உலகிலேயே மிகுதியும் அறியப்பட்ட முகங்களுள் ஒன்று, அடையாளம் போதாதென்று சிறைப்பட்டது.

அடையாள அட்டை என்றதும் எம் பிரதேசத்தவர் நெஞ்சில் வேறொன்று எழும். 1968ஆம் ஆண்டின் ஆட்களைப் பதிவுசெய்தற் சட்டத்தின்படி 1972 முதல் இந்நாட்டில் அட்டைகள் வழங்கப்பட்டன. அதற்காக ஊரூராகப் படப்பிடிப்பு நிலையங்களில் மக்கள் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தனர். முகம் நேரே, காதுகள் தெரிய, பின்னே வெறுஞ்சுவர். கலை என்று எவரும் கருதாத படங்கள். படப்பிடிப்பாளர் இரண்டு மீற்றர் விலகி நின்றார். ஏனெனில் நிலையத்தின் நீளமே அவ்வளவுதான். 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பவில்லை. அத்தகைய பல நாட்கள் எம் பிரதேசத்துக்கு உண்டு. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் வீதியோரத்தில் ஏந்தி நிற்கும் சட்டமிட்ட முகங்களுட் பல இவ்வட்டைப் படங்களினின்றும் பெருப்பிக்கப்பட்டவை. ஓரங்குல முகம் ஓரடியாகும்போது இமையும் மறுவும் நின்றால், அது வில்லை செய்தவரின் உழைப்பு, துலக்கியவரின் உழைப்பு. நிற்காத இடத்திற் புள்ளிகளாகச் சிதறுகிறது. தாய் அதனையும் அறிந்துகொள்கிறாள். களுத்துறைப் படத்தில் ஆட்கள் இருக்கின்றனர், பெயர் இல்லை. இங்கே பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, பிறந்த தேதியும் அட்டை இலக்கமும் இருக்கின்றன.

எம் வகுப்பு மாணவர் சிலர் இப்போது ஊரிலுள்ள பழைய படங்களைத் தேடிச் செல்கின்றனர். படத்தைக் கழற்றி எடுப்பதில்லை. வீட்டிலிருக்கும் மூத்தவரிடம் கேட்டு, அவர் சொற்படி, பின்புறத்தில் மென்மையான பென்சிலாற் பெயரும் தொழிலும் எழுதி, மீண்டும் சட்டத்தில் இடுகின்றனர். பேனா மை ஈரத்தில் முன்பக்கம் ஊறிவிடும். பல படங்களிற் கணவரின் பெயர் உடனே கிடைக்கிறது. அருகே நிற்கும் பெண்ணை ‘இன்னாரின் பெண்சாதி’ என்றே சொல்கின்றனர். பெயரைக் கேட்டுவரும்படி மாணவரை மறுபடியும் அனுப்புகிறோம். சார்ப்பினுள் நாம் பிடித்த நெசவாளர் தம் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, முகத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. பாவில் ஓர் இழை அறுந்திருப்பது படத்திலே தெரிகிறது என்று சுட்டிக்காட்டினார்.